பிஸ்மத்: காத்ததும் காக்காததும்

சிப்பிகாட்டிற்கு அருகே, போர்ட் பிளேரில் 1858இல் நிறுவப்பட்ட தண்டனைக் குடியேற்றத்தின் மருத்துவ வரலாற்றில் சீதபேதியைக் கடந்து செல்ல இயலாது. மலேரியாவோடு அதுவும் கைதிகளின் உயிரைக் குடித்தது. அக்கைதிகளுள் பலர் கப்பலேறிய கல்கத்தாவில்தான் 1912இல் லெனார்ட் ராஜர்ஸ் அமீபா சீதபேதிக்கு எமெட்டின் ஊசியைக் கையாண்டார். வாய்வழி தந்தால் கடும் வாந்தி உண்டாகும் என்பதே ஊசியை நாடியதன் காரணம்.

முதல் உலகப் போரின்போது எமெட்டின் பிஸ்மத் அயோடைடு வந்தது. இரைப்பை அமிலத்தில் எளிதில் கரையாத இச்சேர்மம் குடலில் சிதைந்து எமெட்டினை வெளிவிடும். இங்கிலாந்தின் படை மருத்துவமனைகளில் வீரர்களுக்கு இது அளிக்கப்பட்டது. ஆயினும் வாந்தி முற்றும் நீங்கவில்லை. உடலில் தேங்கி இதயத்தசையைத் தாக்கும் எமெட்டினின் இயல்பும் மாறவில்லை. 1960களில் மெட்ரோனிடசோல் இதன் இடத்தைப் பிடித்தது.

பிஸ்மத் தீங்கற்றது என்ற நம்பிக்கையும் நிலைக்கவில்லை. 1970களில் பிரான்சில் பிஸ்மத் உப்புகளை நெடுநாள் உட்கொண்ட பலர் மூளைப் பாதிப்புக்கு உள்ளாயினர். அதே பிஸ்மத் இன்று ஹெலிகோபாக்டர் பைலோரிக்கு எதிரான கூட்டுமருத்துவத்தில், நாள் வரையறையுடன் பயன்படுகிறது.

ஆகவே, 'பாதுகாப்பான மருந்து' என்ற சொல்லை ஆவணங்களில் காணும் ஆய்வாளர் எவ்வளவு, எத்தனை நாள் என்று கேட்பதோடு நில்லாமல், மறுக்கும் உரிமை உடையவருக்கா அற்றவருக்கா என்றும் கேட்க வேண்டும்.