யார் கொடுத்த கோப்பு?

போன வருடம் தைப்பூசத்துக்கு இரண்டு வாரம் இருக்கும்போது ஒரு தங்கச்சி என்னைப் பார்க்க வந்தாள். சொந்தமில்லை, வாசிப்பில் வந்த பழக்கம். ஜார்ஜ் டவுனில், பினாங்கு ஸ்திரீட் மூலையில் ஒரு சாப்பாட்டுக் கடை. "பசியாறிட்டீங்களாண்ணே?" என்று கேட்டுவிட்டு, என் பதிலுக்குக் காத்திருக்காமல் ஒரு பென்டிரைவை மேசைமேல் வைத்தாள்.

அவள் அப்பா தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆசிரியராக இருந்தவர், இப்போது இல்லை. 2000-களின் தொடக்கத்தில் வாங்கிய கம்ப்யூட்டரில் அவர் தட்டி வைத்த 43 சிறுகதைகள் அந்த டிரைவில் இருந்தன. திறந்தால் தமிழ் வராது. புள்ளியும் கொம்பும் வைத்த ஐரோப்பிய எழுத்துகள் பக்கம் பக்கமாக வரும். அந்தக் கால எழுத்துரு ஒன்றில் எழுதியவை. அதை யூனிகோடுக்கு மாற்றும் சின்ன மென்பொருள் ஒன்றும் அப்பாவின் சிடியில் இருந்தது. ஆனால் அது ஒரு டி.எல்.எல். கோப்பைக் கேட்டது. சிடியில் இருந்த கோப்பை ஏற்றினால் பிழை காட்டியது. அவள் இணையத்தில் தேடி அதே பெயரில் இன்னொன்றை இறக்கி வைத்திருந்தாள்.

"அண்ணே, இத ஓட்டலாமா கூடாதா, அத மட்டும் சொல்லுங்க."

மென்பொருள் வேலையில் பதினைந்து வருடம் இருக்கிறேன். என்னால் உடனே பதில் சொல்ல முடியவில்லை. சொல்லப்போனால் இந்தக் கேள்விக்கு ஒரு வரலாறே இருக்கிறது.

முதலில், டி.எல்.எல். என்பது தானாக நிற்கிற மென்பொருள் இல்லை. மற்ற மென்பொருள்கள் கடன் வாங்கிப் பயன்படுத்தும் நூலகக் கோப்பு. படக்கோப்பு மாதிரி சும்மா படுத்திருக்காது. ஏற்றிய உடனேயே அதன் நுழைவாயில் பகுதி ஓடிவிடும். ஏற்றியவருக்கு என்னென்ன அதிகாரம் உண்டோ அதெல்லாம் அதற்கும் உண்டு. வீட்டுக்கு வந்த விருந்தாளி என்று நாம் நினைப்போம், ஆனால் சாவிக்கொத்து அவர் கையில் இருக்கும்.

நாங்கள் உட்கார்ந்திருந்த அதே தெருவில் ஒரு காலத்தில் நாட்டுக்கோட்டைச் செட்டியார்களின் கிட்டங்கிகள் வரிசையாக இருந்தன. நீளமான கூடம், தரையில் பாய், ஒவ்வொருவருக்கும் ஒரு மரப்பெட்டி, சாய்வு மேசை. ஒவ்வொரு பெட்டியும் ஒரு வட்டிக்கடை. மேலாள், அடுத்தாள், பெட்டியடிப் பையன் என்று வரிசை. அங்கிருந்து ரங்கூனுக்கும் சென்னைக்கும் கொழும்புக்கும் உண்டியல் போகும். உண்டியல் என்றால் கோயிலில் காசு போடுவது அல்ல, இன்னாருக்கு இவ்வளவு கொடு என்று ஒரு கடை இன்னொரு கடைக்கு எழுதும் தாள். கடல் தாண்டி வந்த அந்தத் தாளைப் பார்த்து, முகம் தெரியாத ஒருவருக்குப் பணத்தை எண்ணிக் கொடுக்க வேண்டும்.

அவர்கள் எதைப் பார்த்தார்கள்? முதலில் விலாசம், அதாவது அப்பா தாத்தா பெயர்களின் முதலெழுத்துகளைக் கோத்த கடைப்பெயர். அடுத்தது கையெழுத்து. அதற்கும் மேலே, தாளோடு வராமல் தனி வழியில் வந்து சேரும் கடிதம்: இந்தத் தேதியில் இன்ன தொகைக்கு உண்டியல் எழுதியிருக்கிறோம் என்று. இரண்டும் ஒத்துப்போக வேண்டும். விலாசத்துக்குப் பின்னால் ஊர் இருந்தது, ஒன்பது நகரக் கோயில்களில் ஒன்று இருந்தது, கல்யாணத்துக்கு அந்தக் கோயிலிலிருந்து மாலை வந்ததா என்ற கேள்வி இருந்தது. ஏமாற்றியவன் ஓடலாம். அவன் தம்பிக்குப் பெண் கிடைக்காது.

இதை நான் பொற்காலமாகச் சொல்லவில்லை. அந்த வட்டத்துக்கு வெளியே நின்ற கடனாளிகளுக்கு அதே கூடம் எப்படித் தெரிந்திருக்கும் என்பது வேறு கட்டுரை. பெயரை நம்புவதும் எப்போதும் காப்பாற்றியதில்லை. 1906-இல் சென்னையில் ஆர்பத்நாட் கம்பெனி விழுந்தபோது, அதில் பணம் போட்டிருந்தவர்கள் கையில் இருந்த ரசீதுகள் எல்லாம் அசலானவைதான். கையெழுத்து சரியாக இருந்தது, பணம்தான் இல்லை.

தமிழ்க் கணினியின் ஆரம்ப வருடங்களும் இந்தக் கிட்டங்கி மாதிரிதான் நடந்தன. யூனிகோடின் முதல் பதிப்பிலேயே, 1991-இல், தமிழுக்கு இடம் இருந்தது. ஆனால் வீட்டுக் கம்ப்யூட்டர்களில் அது புழக்கத்துக்கு வரப் பத்து வருடத்துக்கு மேல் ஆனது. அதுவரை ஆளுக்கொரு எழுத்துரு, எழுத்துருவுக்கு ஒரு குறியீடு. மலேசியாவிலிருந்து முத்து நெடுமாறன் 1980-களின் நடுவிலேயே முரசு மென்பொருளைத் தொடங்கிவிட்டார். 1990-களின் பிற்பாதியில் பல நாட்டுத் தமிழர்கள் மின்னஞ்சலிலேயே கூடிப் பேசி தகுதரம் எனப்படும் டிஸ்கியை உருவாக்கினார்கள். 1999-இல் தமிழ்நாட்டு அரசு தாம், தாப் என்று இரண்டை அறிவித்தது. இதற்கிடையில் விசைப்பலகை, எழுத்துரு, மாற்றி என்று நாம் இறக்கியதெல்லாம் எந்தச் சோதனையும் இல்லாமல் இறக்கியதுதான். இன்னார் செய்தார், நல்ல மனுசன், போட்டுக்கலாம். அவ்வளவுதான். அதிர்ஷ்டவசமாக அவர்கள் நல்ல மனிதர்களாகவே இருந்தார்கள்.

நல்ல மனிதர் என்பது போதுமா என்று 1984-லேயே ஒருவர் கேட்டார். யூனிக்ஸை உருவாக்கியவர்களில் ஒருவரான கென் தாம்சன், டூரிங் விருது ஏற்புரையில் ஒரு வித்தையைக் காட்டினார். மூல நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் கம்பைலருக்குள் ஒரு திருட்டுக் கதவை ஒளித்து வைக்கலாம். அந்தக் கம்பைலர் அடுத்த கம்பைலரை உருவாக்கும்போது கதவையும் சேர்த்தே உருவாக்கும். மூல நிரலை வரிவரியாகப் படித்தாலும் ஒன்றும் தெரியாது, அதில் கதவே இருக்காது. நிரலைப் படித்துப் பார்த்தேன், சுத்தமாக இருக்கிறது என்பவர்கள் நாற்பது வருடமாகப் பதில் சொல்லத் திணறும் உரை இது.

சரி, ஓட்டிப் பார்த்துவிட்டால்? பினாங்குக்காரர்களுக்குச் சோதனை புதிதில்லை. 1972-இல் இன்டெல் பாயான் லெப்பாசுக்கு வந்ததிலிருந்து இந்தத் தீவில் எத்தனையோ குடும்பங்கள் சிப்புகளைப் பொருத்தியும் சோதித்தும் பிழைத்திருக்கின்றன. சிப்பைச் சூடாக்கி, மின்சாரம் கொடுத்து, பலவீனமானதை முன்கூட்டியே சாகவிட்டு ஒதுக்குவார்கள். அது அங்கே சரியான வழி, ஏனென்றால் சிப்புக்கு உங்களை ஏமாற்றும் எண்ணம் கிடையாது. கோப்புக்குள் ஒருவரின் எண்ணம் இருக்கலாம். 2020-இல் சோலார்விண்ட்ஸ் என்ற அமெரிக்க நிறுவனத்தின் மென்பொருளில் நடந்தது அதுதான். அங்கேயும் ஒரு டி.எல்.எல்.தான். நிறுவனத்தின் சொந்த மின்கையொப்பத்தோடு, அதன் சொந்தப் புதுப்பிப்பு வழியாகவே ஏறத்தாழ 18,000 வாடிக்கையாளர்களிடம் போய்ச் சேர்ந்தது. இறங்கியதும் அது ஒன்றும் செய்யவில்லை. இரண்டு வாரம் வரை சும்மா இருந்துவிட்டுத்தான் வேலையைத் தொடங்கியது. ஒரு மணி நேரம் ஓட்டிப் பார்த்தவருக்கு அது உத்தமமான கோப்பு. ஃபயர்ஐ நிறுவனத்தில் ஓர் ஊழியரின் பெயரில் இரண்டாவதாக ஒரு தொலைபேசி பதிவானதை யாரோ கவனித்துக் கேட்டதில்தான் முடிச்சு அவிழத் தொடங்கியது.

எனக்கு இன்னும் உறுத்துவது 2024. எக்ஸ்.இசட். என்பது கோப்புகளைச் சுருக்கும் ஒரு நூலகம், லினக்ஸ் உலகில் ஏறத்தாழ எல்லா இடத்திலும் இருப்பது. பின்லாந்துக்காரர் லாசே காலின் பல வருடமாகச் சம்பளமில்லாமல் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். 2021 வாக்கில் ஜியா டான் என்ற பெயரில் ஒருவர் உதவிக்கு வந்தார். உபயோகமான, பொறுமையான உதவி. 2022-இல் வேறு சில பெயர்கள் முளைத்து, வேலை மெதுவாக நடக்கிறது, புது ஆளிடம் கொடுங்கள் என்று காலினை நெருக்கின. அதில் ஒரு பெயர் ஜிகர் குமார். சோர்ந்திருந்த மனிதர் பொறுப்பைப் பகிர்ந்தார். 2024 பிப்ரவரி, மார்ச்சில் வந்த 5.6.0, 5.6.1 பதிப்புகளில் பின்கதவு இருந்தது. சோதனைக் கோப்புகள் என்ற பெயரில் அதை ஒளித்து வைத்திருந்தார்கள். அதை உயிர்ப்பிக்கும் துண்டு பொதுவில் எல்லாரும் படிக்கும் நிரல் களஞ்சியத்தில் இல்லை. வெளியீட்டுப் பொட்டலத்தில் மட்டும் இருந்தது.

டான் என்பது பினாங்கில் பக்கத்து வீட்டுப் பெயர். ஹொக்கியன் குடும்பங்களில் எங்கு திரும்பினாலும் ஒரு டான் இருப்பார். நிரல் பதிவுகளில் பெரும்பாலானவை +0800 என்ற நேரக்குறியோடு இருந்தன, நம் கடிகாரம். ஆனால் சில பதிவுகளில் கிழக்கு ஐரோப்பாவின் நேரம் எட்டிப் பார்த்தது. சீனப் புத்தாண்டில் வேலை நடந்திருக்கிறது, கிறிஸ்துமஸுக்கு இல்லை என்று ஆராய்ந்தவர்கள் எழுதினார்கள். இந்தத் தீவில் புத்தாண்டன்று கம்ப்யூட்டர் முன்னால் உட்கார ஒரு டானை வீட்டில் விடுவார்களா? அந்த ஆள் யார் என்று இன்றுவரை தெரியாது. ஆனால் டான், குமார் என்று நம் காதுக்கு இயல்பாக விழும் பெயர்களை யாரோ உட்கார்ந்து தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். விலாசம் இருந்தது. அதன் பின்னால் ஊரும் இல்லை, மாலை அனுப்பும் கோயிலும் இல்லை.

பிடிபட்டது அரை நொடியில். ஆண்ட்ரெஸ் ஃபிராய்ண்ட் என்ற பொறியாளர் வேறு ஏதோ அளந்துகொண்டிருந்தபோது, தொலைவிலிருக்கும் கணினிக்குள் நுழைய வழக்கத்தைவிட ஏறக்குறைய அரை நொடி அதிகமாக ஆவதைப் பார்த்தார். அதை விடாமல் தோண்டி, மார்ச் 29 அன்று உலகுக்குச் சொன்னார். பெரிய வெள்ளி விடுமுறை. அந்த வாரக்கடைசியில் எங்கள் ஆபீஸில் யாரும் தூங்கவில்லை.

தங்கச்சியின் தே தாரிக் ஆறிப்போயிருந்தது. இந்தக் கதையெல்லாம் அவளுக்குச் சொன்னேனா என்றால், பாதிதான் சொன்னேன். மடிக்கணினியை இணையத்திலிருந்து துண்டித்துவிட்டு, இரண்டு கோப்புகளுக்கும் எஸ்.எச்.ஏ-256 எடுத்தேன். ஒரு கோப்பின் கைரேகை மாதிரி, ஒரு பைட் மாறினாலும் முழு எண்ணும் மாறிவிடும். அப்பாவின் சிடியில் இருந்ததும் அவள் இறக்கியதும் ஒரே பெயர், ஒரே பதிப்பு எண். கைரேகை வேறு வேறு. இதனால் இறக்கியது நஞ்சு என்று ஆகிவிடாது, சிடி தேய்ந்து பைட்கள் கெட்டிருக்கலாம். எது அசல் என்று கேட்கத் தனி வழியில் வரும் கடிதம் வேண்டும். செய்தவரின் தளம் எப்போதோ மறைந்துவிட்டது. கோப்பைக் கொடுக்கும் பக்கத்திலேயே கைரேகையையும் போட்டிருந்தார்கள். உண்டியலைக் கொண்டு வந்தவனே கடிதத்தையும் நீட்டுகிற கதை.

மின்கையொப்பம் இரண்டிலும் இல்லை. இருந்தாலும் என்ன, 2010-இல் ஸ்டக்ஸ்நெட் வந்தது ரியல்டெக், ஜேமைக்ரான் நிறுவனங்களின் திருடப்பட்ட சான்றிதழ்களோடு. வைரஸ்டோட்டலில் ஏற்றிப் பார்க்கலாம்தான். பல நச்சுநிரல் தடுப்பான்கள் ஒரே நேரத்தில் கருத்துச் சொல்லும், ஆனால் பழைய தமிழ் மென்பொருளைப் பார்த்ததே இல்லாத அவை சும்மாவே சந்தேகப்படும், அல்லது சும்மாவே விட்டுவிடும்.

"அப்ப ஓட்ட வேணாங்கிறீங்க."

"ஓட்டணும்னு அவசியமே இல்லங்கிறேன்."

அந்தக் கோப்பு செய்யும் வேலை என்ன? இந்த எண் வந்தால் இந்த எழுத்து என்ற ஓர் அட்டவணை. பழைய எழுத்துருக்களில் கண்ணுக்குத் தெரியும் வரிசையில் எண்கள் இருக்கும்: கொம்பு முதலில், பிறகு க, பிறகு கால். யூனிகோடில் க முதலில். இடம் மாற்றிக் கோக்க வேண்டும். அப்பாவின் கதை ஒன்று ஞாயிறு பதிப்பில் வந்திருந்தது, அவள் அம்மா அந்தத் தாளை வெட்டிப் பத்திரமாக வைத்திருந்தார். அச்சை ஒரு பக்கம், குப்பையை ஒரு பக்கம் வைத்து எழுத்தெழுத்தாகப் பொருத்தினோம். மூன்று சாயங்காலம் ஆனது. என் நிரல் நூறு வரிகூட வரவில்லை, அவளே உட்கார்ந்து முழுவதும் படித்தாள்.

43 கதைகளில் 41 வந்துவிட்டன. மற்ற இரண்டும் வேறு ஏதோ எழுத்துருவில் இருக்கின்றன, அதற்கு அச்சுத்தாள் இல்லை. வந்தவற்றிலும் ஔகாரக் குறிக்குப் பதில் அப்பா ளகரத்தையே அடித்திருந்ததால் கெளரி, கெளதமன் என்று வருகிறது. நிரலால் எல்லா இடத்திலும் சரியாகப் பிரிக்க முடியாது. அதையெல்லாம் அவள் கையால் திருத்திக்கொண்டிருக்கிறாள்.