வெல்லமும் வெண்சர்க்கரையும்

ஆலைச் சர்க்கரை வந்த பின்னரே நம் நாட்டில் நீரிழிவு தோன்றியது என்றும், வெல்லமும் தேனும் உண்பாரை அந்நோய் அணுகாது என்றும் நம்மவர் பலர் கருதுகின்றனர். நம் சங்க விருந்துகளிலும் நீரிழிவுடைய அன்பர்கள், “வெல்லப் பாயசந்தானே!” என்று இரண்டாம் முறை கேட்டு வாங்குவதுண்டு. இக்கருத்துக்கு வரலாறு இடந்தருகின்றதா என்று பார்ப்போம்.

கௌடிலியரின் அர்த்தசாஸ்திரம் பாணிதம், குட, மத்ஸ்யண்டிகை, கண்டம், சர்க்கரை என ஐவகை இனிப்புகளைக் கூறுகின்றது. அவற்றுள் ‘குட’ என்பதே இக்கான்பூர்ச் சந்தையில் ‘குட்’ என வழங்கும் வெல்லம். சர்க்கரை என்னும் சொல் பாரசீகம், அரபு வழியே ஐரோப்பா சென்று ‘ஷுகர்’ ஆயிற்று. வடநாட்டார் வெண்சர்க்கரையைச் ‘சீனி’ என்பது சீனத்தையும், கற்கண்டை ‘மிஸ்ரி’ என்பது மிசிர தேசமாகிய எகிப்தையும் நினைவூட்டும். நம் பாட்டிமார் ‘அஸ்கா’ என்றனரே, அது கஞ்சம் மாவட்டத்து ஓர் ஊரின் பெயர்! 1936 வரை அவ்வூர் சென்னை மாகாணத்தைச் சேர்ந்திருந்தது. 19-ஆம் நூற்றாண்டிலேயே அங்குச் சர்க்கரை ஆலை இயங்கிற்று.

1932-இல் சர்க்கரைத் தொழிற் பாதுகாப்புச் சட்டம் பிறந்தது. ஜாவாச் சர்க்கரையின் வரவு குன்றி, ஐக்கிய மாகாணத்திலும் பீகாரிலும் ஆலைகள் விரைந்து பெருகின. 1934-இல் அகில இந்தியக் கிராமத் தொழிற் சங்கத்தைத் தோற்றுவித்த காந்தியடிகள், வெல்லத்தையும் பனைவெல்லத்தையும் போற்றினார். சத்து மிகுதி என்பது ஒரு காரணம். சிற்றூர் மக்களின் பிழைப்பு மற்றொன்று. என் எண்ணத்தில் இரண்டாவதே வலியது.

ஏனெனில், ஆலை என்பதே இல்லாத காலத்துச் சரக சம்ஹிதை, பிரமேக நோய்க்குரிய காரணங்களில் வெல்லப் பண்டங்களையும் சேர்த்துரைக்கின்றது! அசையாது இனிதாக அமர்ந்திருத்தல், மிகு உறக்கம், தயிர், புதுத் தானியம் ஆகியனவும் அவ்வரிசையில் உள்ளன. நாற்காலியிலேயே காலங்கழிக்கும் எம்போன்ற ரயில்வே எழுத்தர்கள் முதலிற் கூறியதையும் கருதுதல் வேண்டும்.

இக்காலப் பகுப்பாய்வும் அதனோடு ஒத்தே நிற்கின்றது. வெண்சர்க்கரை ஏறக்குறைய முழுவதும் சுக்ரோஸ். வெல்லத்திலும் பெரும்பங்கு அதுவே. எஞ்சியவை பிற சர்க்கரைகளும் ஈரமும் சிறிதளவு தாதுப்பொருள்களும். இரும்புச் சத்து உண்டெனினும், அதனைப் பெறக் கீரையும் பயறும் இருக்க, வெல்லத்தை நாடுவானேன்? 2015-இல் உலக சுகாதார நிறுவனம், உணவால் வரும் ஆற்றலில் 10 விழுக்காட்டிற்கும் குறைவாகவே இத்தகைய சர்க்கரைகள் இருத்தல் வேண்டும் என்றது. நாளொன்றுக்கு 2000 கலோரி கொள்வார்க்கு அது சுமார் 50 கிராம். தேனும் பழச்சாறும் அக்கணக்கிற் சேர்ந்தனவே.