அடையாளப் பிணைப்பும் அதன் மீட்பும்: காரைக்கால் வரலாற்றின் வழி இணைய உள்நுழைவு பற்றிய ஓர் ஆராய்ச்சி

இணையவழியே தொழில் நடத்தும் வங்கியும் காப்பீட்டுக் கம்பெனியும், தம்மை நாடிவரும் வாடிக்கையாளரை நேரிற் காணாமலே இன்னாரென்று நிச்சயித்துக்கொள்ள வேண்டியிருத்தலால், கடவுச்சொல், ஓடிபி, விரல்ரேகை என்று பூட்டின்மேற் பூட்டாக இட்டுக்கொண்டே போவதைப் பாதுகாப்பின் அபிவிருத்தி என்று கருதி வருகின்றன. பூட்டு அவசியம் என்பதில் ஐயமில்லை. ஆயினும், ஆளுக்கும் கணக்குக்கும் இடையே உள்ள பிணைப்பு ஏதோ ஒரு காரணத்தால் அறுந்துபோன சமயத்தில், உரியவர் அதனை மீட்டுக்கொள்வதற்கு நேர்மையான வழி உண்டா என்பதே அத்தகைய அமைப்பின் தரத்தை அளக்கும் உரைகல் என்பது இக்கட்டுரையின் துணிபு. மனிதருடைய அடையாளத்தை எழுத்தாற் பிணைத்து வைத்ததன் பலாபலன்களைத் தலைமுறை தலைமுறையாக அனுபவித்த ஊராதலின், காரைக்கால் இவ்வாராய்ச்சிக்குத் தக்க நிலைக்களமாகிறது.

1739-ஆம் ஆண்டில் பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்த காரைக்காலில், பிறப்பு, விவாகம், மரணம் ஆகியவற்றை அரசாங்கப் பதிவேட்டில் எழுதிவைக்கும் வழக்கம் அவர்தம் ஆட்சியில் வேரூன்றியது. 1881 செப்டம்பர் 21-ஆம் நாள் பிறந்த ஆணை, தம் குல ஆசாரச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சு சிவில் சட்டத்துக்கு உட்பட விரும்பிய இந்தியர், அதனை முறைப்படி பிரகடனம் செய்து, தமக்கும் தம் சந்ததிக்கும் நிலையான குடும்பப் பெயரொன்றைச் சூடிக்கொள்ள வழிவகுத்தது. ஒருமுறை செய்த துறவை மீளப்பெற இயலாது என்பது அவ்வாணையின் முக்கிய விதி. பின்னர், 1954 நவம்பர் 1-ல் நிர்வாகம் இந்தியாவிடம் வந்து, 1956 மே 28-ல் கையெழுத்தான ஒப்பந்தம் 1962 ஆகஸ்டு 16-ல் அமலுக்கு வந்தபோது, இங்கே பிறந்து இங்கேயே வசித்த பிரெஞ்சுப் பிரஜைகள் தாமாகவே இந்தியப் பிரஜைகளாயினர். பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ள விரும்பியவர் ஆறு மாதத்துக்குள் அதனை எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும் என்று விதிக்கப்பட்டது.

1881-ஆம் ஆண்டு ஆணையில் பிணைப்பு உண்டு, மீட்பு இல்லை. பின்வந்த ஒப்பந்தத்தில் வாயில் உண்டு, அது ஆறே மாதத்தில் அடைபட்டது. தகப்பனாரின் விருப்பம் மணமாகாத 18 வயதுக்குட்பட்ட பிள்ளைகளையும் கட்டுப்படுத்தியதாதலின், அச்சுமை கையெழுத்திட்டவரோடு நிற்கவில்லை. அவர்தம் வாரிசுகள் பிரெஞ்சுக் குடியுரிமை கோரும்போது, அந்நாளைய பத்திரங்களை இன்றும் தேடியலைய வேண்டியிருக்கிறது.

இணைய உள்நுழைவில் மூன்று வினாக்கள் உள்ளடங்கியிருக்கின்றன: இவர் யார், நேற்று வந்தவர்தாமா இன்று வந்திருப்பவர், இவருக்கு எவ்வளவு அதிகாரம். கணக்குத் தொடங்கும் நாளில் ஆதாரும் பான் அட்டையும் முதல் வினாவுக்கு விடை தருகின்றன. மூன்றாவதை ஸ்தாபனத்தின் விதிகள் தீர்க்கின்றன. அன்றாடம் கேட்கப்படுவது இரண்டாவதே. கடவுச்சொல்லை உள்ளபடியே சேமியாமல், திரும்ப அவிழ்க்க முடியாத கணிதக் குறியாக்கி வைப்பதும், 2009 ஆகஸ்டு முதல் இணைய அட்டைப் பரிவர்த்தனைக்கு மேலும் ஒரு சான்றை ரிசர்வ் வங்கி கட்டாயமாக்கியதும் இவ்வினாவுக்கு உறுதியான விடை காணும் முயற்சிகளே. அச்சான்றுக்கு உரிய சாதனம் கைநழுவியபோது, முதல் வினாவுக்கே திரும்பிச் சென்று ஆளை மறுபடி சரிபார்க்க எவரும் முன்வராத இடத்தில்தான் அமைப்புகள் தடுமாறுகின்றன.

காரைக்காலில் இது எளிதில் நேரக்கூடியது. பாரிஸிலுள்ள மகன் வீட்டில் ஓராண்டு தங்கிவரும் ஓய்வூதியர் ஒருவரை எடுத்துக்கொள்வோம். ரீசார்ஜ் செய்யப்படாத பிரீபெய்டு சிம் செயலிழக்கிறது. செயலிழந்த எண் 90 நாள் கழிந்தபின் வேறொருவருக்கு வழங்கப்படலாம். ஊர் திரும்பியவர் பாரதியார் வீதியில் தம் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து, வங்கிச் செயலியில் ‘கடவுச்சொல் மறந்துவிட்டதா’ என்ற இடத்தைத் தொடுகிறார். ஓடிபி முன்பின் அறியாத ஒருவரின் கைப்பேசிக்குப் போகிறது. எண்ணை மாற்ற முயன்றால், மாற்றத்தை உறுதிசெய்யும் ஓடிபியும் பழைய எண்ணுக்கே செல்கிறது. கிளைக்குச் சென்றாலோ, பிரெஞ்சுப் பத்திரத்தில் குடும்பப் பெயரோடும் பழைய கணக்கில் தந்தையின் முதலெழுத்தோடும் நிற்கும் இருவரும் ஒருவரே என்று மெய்ப்பிக்க வேண்டியிருக்கிறது. உரியவர் வெளியே நிற்க, அந்நியர் கையில் சாவி இருக்கிறது. பூட்டு மட்டும் பழுதின்றி இயங்குகிறது.

மீட்பை எளிதாக்கினால் அது திருடனுக்கும் எளிதாகாதோ என்ற ஆட்சேபம் நியாயமானதே. போலிச் சான்று காட்டி மாற்று சிம் பெற்றுக் கணக்கைக் கவர்வோர் உண்டு. வழியை மெதுவாக்கிப் பகிரங்கமாக்குவதே இதற்கு விடை. மீட்புக் கோரிக்கை வந்தவுடன் மின்னஞ்சலுக்கும் பழைய எண்ணுக்கும் பதிவுசெய்த சாதனங்களுக்கும் அறிவிப்பு அனுப்பி, சில நாள் அவகாசம் விட்டு, அதுவரை பணம் வெளியேறாமல் தடுத்து, முடிவில் பத்திரங்களைப் பார்த்துத் தீர்மானிக்கும் பொறுப்பை ஒரு மனிதரிடம் ஒப்படைத்தால், அவசரத்தை நம்பியிருக்கும் வஞ்சகனுக்கே நஷ்டம் அதிகம். 2019 மார்ச்சில் சர்வதேசத் தரமாக ஏற்கப்பட்ட வெப்ஆத்தன் முறையை ஒட்டி எழுந்த பாஸ்கீ, ரகசியத் திறவுகோலை வாடிக்கையாளரிடமே நிறுத்தி, தளத்துக்கு அதன் பொதுத் திறவுகோலை மட்டும் தருவதால், போலித் தளங்களின் சூழ்ச்சியைப் பெரிதும் முறியடிக்கிறது. எனினும் சாதனமும் அதன் காப்புப் பிரதியும் ஒருங்கே தொலைந்தால் மீட்பு பற்றிய வினா அங்கும் எழவே செய்யும். விரல்ரேகையோ, 1881-ஆம் ஆண்டுத் துறவைப் போலவே மாற்றவொண்ணாதது; களவுபோனால் வேறொன்று வாங்கிக்கொள்ள வழியில்லை. 12 இலக்க ஆதார் எண்ணுக்குப் பதிலாக, வேண்டும்போது மாற்றிக்கொள்ளத்தக்க 16 இலக்க மெய்நிகர் எண்ணை ஆதார் ஆணையம் 2018-ல் அளித்தமை, மாற்றத்தக்க பிணைப்பின் தேவையை அரசாங்கமே உணர்ந்தமைக்குச் சான்று.

தம்மைப் பற்றிய தகவலைத் திருத்தக் கோரவும், மரணமோ இயலாமையோ நேரின் தம் சார்பில் உரிமையைச் செலுத்த ஒருவரை நியமிக்கவும் 2023-ஆம் ஆண்டு மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இடமளிக்கிறது. ஆகவே, புதிய பூட்டொன்றை வாங்குமுன், கைப்பேசியையும் எண்ணையும் ஒருசேர இழந்த வாடிக்கையாளர் எத்தனை நாளில், எவர் முன்னிலையில், எந்தப் பத்திரத்தைக் காட்டித் தம் கணக்கை மீளப்பெறுவார் என்பதை ஒவ்வொரு ஸ்தாபனமும் எழுதி வெளியிட வேண்டும். அதனை எழுத இயலாத ஸ்தாபனம் வாடிக்கையாளரின் அடையாளத்தை நிர்வகிக்கத் தகுதி பெற்றதாகாது.