புள்ளி வச்ச கதை

இணையத்துல எதை எழுதினாலும் புள்ளி வச்சு பட்டியல் போடுங்கறாங்களே, அது எங்கேருந்து வந்ததுன்னு தேடிப் போனேன். பட்டியலுக்கான குறிச்சொல் டிம் பெர்னர்ஸ்-லீயின் ஆரம்பகால எச்டிஎம்எல்லிலேயே உண்டு. அதை எழுத்துக்கு விதியாகப் பரப்பியதில் பெரும்பங்கு ஜேக்கப் நீல்சனுக்கு. 1997-ல் அவரும் ஜான் மோர்க்ஸும் சோதித்ததில் 79 சதவீதம் பேர் வாசிக்காமல் சும்மா மேய்ந்தார்களாம். அதே விஷயத்தைப் பட்டியலாக்கியதும் பயன்பாடு 47 சதவீதம் கூடியது.

சோதனைக்கு எடுத்தது என்ன தெரியுமா? நெப்ராஸ்கா மாநிலத்துச் சுற்றுலா இடங்கள், வந்தவர் எண்ணிக்கையோடு. அட, அது பிறவியிலேயே பட்டியல்தானே சார்!

வரலாற்றுக்கும் அதே மருந்தா? 1761 பானிபட்டில் மராட்டியருக்கு உணவு வரும் வழி அடைபட்டதால் பட்டினி. பட்டினியால் வெளியே வந்து போர். இதை மூணு புள்ளியாக்கிப் பாருங்க, ரெண்டு 'ஆல்'லும் காணாமப் போயிடும்.