பாரம் கழற்றிய கார்களின் கதை

நற்பிட்டிமுனையில் நான் வழமையாக பைக் சர்வீஸ் பண்ணுற கராஜின் பின்பக்கம் ஒரு குவியல் கிடக்கும். மட்காட், செயின் கவர், சாறி காட், பக்கக் கண்ணாடி, பின் கேரியர். ஒன்றும் உடைந்த சாமான் இல்லை. பாரம் என்று சொல்லிப் பொடியன்கள் கழற்றிப் போட்டவை. "மச்சான், வெயிட்டக் கொறச்சாத்தான் இழுவ வரும்" என்று என்ட மாமி மகன் எனக்கு முதன்முதலில் விளங்கப்படுத்தியதும் அந்தக் குவியலுக்குப் பக்கத்தில் நின்றுதான்.

அவன் சொன்னதில் பிழையில்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் ஊரில் யாராவது இந்த விசயத்தைப் பேச வாயைத் திறந்தால் அது அறிவுரையில்தான் போய் முடியும். வேகத்துக்காகப் பாரம் கழற்றுவதற்கு ஒரு நீண்ட வரலாறு இருக்கிறது. 'ஃபாஸ்ட் அண்ட் ஃபியூரியஸ்' படத்தில் வாற நைட்ரஸ் பட்டனை விட அது பழையது. என்னைக் கேட்டால் சுவாரசியமானதும்கூட.

டிராக் ரேஸ் என்றால் வளைவு கிடையாது. இரண்டு வாகனங்கள், நின்ற நிலையிலிருந்து நேராகக் கால் மைல், அதாவது 402 மீற்றர். ஒரு வாகனம் ஆகக்கூடியது எவ்வளவு வேகத்தில் போகும் என்பதைப் பெரும்பாலும் காற்றுத்தான் தீர்மானிக்கும். ஆனால் நின்ற இடத்திலிருந்து கிளம்புவது வேறு கதை. அங்கே எஞ்சின் சண்டை பிடிப்பது வாகனத்தின் நிறையோடு. அமெரிக்க மெக்கானிக்குகளிடம் ஒரு கைக்கணக்கு உண்டு: காரில் 100 இறாத்தல் (45 கிலோ) குறைத்தால் கால் மைலில் பத்தில் ஒரு செக்கன் குறையும். நிறையில் நூற்றுக்கு மூன்று போனால் நேரத்தில் நூற்றுக்கு ஒன்றுதான் போகும் என்பது இதற்குப் பின்னாலுள்ள பௌதிகம். இதை எங்கட பைக்குக்குப் போட்டுப் பாருங்கள். பைக்கும் ஆளும் சேர்ந்து 180 கிலோ என்று வைப்போம். மட்காட், கண்ணாடி, கேரியர் எல்லாம் சேர்த்து 3 கிலோ கழற்றினால் நூற்றுக்கு இரண்டுகூட இல்லை. பின்னேரம் சாப்பிட்ட புரியாணியை விட்டிருந்தால் அதில் ஒரு பகுதி அப்படியே மிச்சம்.

சரி, வரலாற்றுக்கு வருவோம். 1930களில் கலிபோர்னியாவில் மியூரொக் என்ற இடத்தில் ஒரு காய்ந்த ஏரி இருந்தது. தண்ணீர் வற்றி, தரை சிமெந்து போட்ட மாதிரி இறுகிக் கிடக்கும். பொடியன்கள் பழைய ஃபோர்ட் கார்களை வாங்கி அங்கே கொண்டுபோய் ஓட்டினார்கள். கையில் காசில்லாதவனுக்குப் பெரிய எஞ்சின் வாங்க ஏலாது. ஸ்பானர் மட்டும் இருக்கும். அதனால் மட்காட், பொனட், முன் கண்ணாடி, லைற் எல்லாவற்றையும் கழற்றினார்கள். வேகத்தைச் சும்மா வாங்கக் கிடைத்த ஒரே வழி அதுதான். 1937இல் இவர்களுடைய கழகங்கள் சேர்ந்து ஒரு சங்கமும் அமைத்தன.

பிறகு இரண்டாம் உலகப் போர் வந்தது. போர் முடிந்து திரும்பிய இளைஞர்கள் விமானங்களில் வேலை பழகியவர்கள். எடை குறைந்த அலுமினியத்தை அவர்களுக்குத் தெரியும். குண்டுவீச்சு விமானங்களின் சீற்றுகள் பழைய சாமான் கடைகளுக்கு வந்தன. அலுமினியம், அதில் நிறையத் துளைகள் வேறு. 1946இல் பில் பேர்க் என்பவர் போர்விமானத்தின் கீழே தொங்கவிடும் எரிபொருள் தாங்கியொன்றை வாங்கி அதையே காரின் உடம்பாக்கினார்.

ஆனால் போர் விட்டுப்போன ஆகப் பெரிய சாமான் ஓடுபாதை. அப்போது கலிபோர்னியா நகரங்களில் சிக்னலுக்குச் சிக்னல் தெருப்பந்தயம். ஆட்கள் செத்தார்கள், பத்திரிகைகள் திட்டின, பொலிஸ் விரட்டியது. 1949இல் கொலீற்றா விமான நிலையத்துக்குப் பக்கத்தில் ஒழுங்கான ஒரு போட்டி நடந்தது. 1950இல் சன்டா ஆனாவில் சி. ஜே. ஹார்ட் என்பவர் விமான நிலையத்தின் பாவிக்காத ஓடுபாதையை ஞாயிற்றுக்கிழமைகளுக்கு எடுத்து, கட்டணம் வாங்கி, நேரம் அளந்து பந்தயம் நடத்தினார். 1951இல் வொலி பார்க்ஸ் தேசிய ஹொட் ரொட் சங்கத்தை ஆரம்பித்தார். அந்தச் சங்கம் 1955இல் தன் முதலாவது தேசியப் போட்டியை வைத்ததும் கன்சாஸ் மாநிலத்தின் கிரேற் பென்ட்டில், பி-29 விமானங்களுக்காகப் போர்க்காலத்தில் போட்ட ஓடுபாதையில்தான்.

இந்த ஓடுபாதைக் கதை எங்களுக்கும் தூரமில்லை. களுத்துறைப் பக்கம் கட்டுக்குருந்தையில் பிரித்தானியக் கடற்படை போருக்காக ஒரு விமானத்தளம் கட்டியது. போருக்குப் பிறகு அங்கே காரும் மோட்டார் சைக்கிளும் ஓடின. சென்னைக்கு வடக்கே சோழவரமும் அப்படியொரு போர்க்கால ஓடுபாதைதான். 1953இல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அங்கேதான் வருசக் கணக்காகப் பந்தயம் நடத்தியது. 1990இல் இருங்காட்டுக்கோட்டையில் சொந்தத் தடம் வரும் வரைக்கும் தென்னிந்தியப் பந்தயக்காரர்களுக்கு சோழவரம்தான் எல்லாம். 1980களில் பெங்களூரில் சிபானி நிறுவனம் செய்த டொல்பின் என்ற சின்னக் காருக்கு ஃபைபர்கிளாஸ் உடம்பு. 'பிளாஸ்டிக் கார்' என்று சனம் வாங்கப் பயந்தது. பந்தயக்காரர்களுக்கோ அது பிடித்துப்போனது. காரணம் அதே ஃபைபர்கிளாஸ்தான். எஞ்சின் சின்னது, ஆனால் இழுக்க வேண்டிய பாரமும் குறைவு.

திரும்ப சன்டா ஆனாவுக்கு. அங்கே டிக் கிராஃப்ட் என்பவர் ஒரு பழைய காரின் உடம்பையே முழுதாகத் தூக்கி எறிந்துவிட்டார். சட்டம், எஞ்சின், சில்லு, ஒரு சீற்று. அவ்வளவுதான். டிராக்ஸ்டர் என்ற வகையின் மூதாதை அது. 1954இல் மிக்கி தொம்சன் இன்னொரு படி போனார். பாரத்தைக் குறைப்பது மட்டும் போதாது, மிச்சப் பாரம் எங்கே இருக்கிறது என்பதும் முக்கியம். கிளம்பும்போது பின் சில்லுகள் நிலத்தைப் பிடிக்க வேண்டும், அதற்கு அவற்றின் மேல் பாரம் வேண்டும். கழற்ற முடியாத ஒரே பாரம் ஓட்டுகிற மனிசன். அவனைத் தூக்கிப் பின் அச்சுக்கும் பின்னால் வைத்தார். கவணில் வைத்த கல் மாதிரி இருந்ததால் 'ஸ்லிங்ஷொட்' என்று பெயர் வந்தது. எஞ்சினும் கிளச்சும் கியர்பெட்டியும் ஓட்டுநருக்கு முன்னால், காலுக்கு நடுவில். இந்த இடத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

1960களில் பெரிய கம்பனிகள் உள்ளே வந்தன. ஞாயிறு வென்றால் திங்கள் விற்கும் என்பது டெட்ராயிட்டின் நம்பிக்கை. 1963இல் பொன்ரியக் நிறுவனம் கற்றலினா காரின் அடிச்சட்டத்தில் நூற்றுக்கு மேல் துளைகள் போட்டது. சுவிஸ் சீஸ் என்றுதான் அதைக் கூப்பிட்டார்கள். 14 கார்கள்தான் வந்தன. அந்த வருசத் தொடக்கத்திலேயே ஜெனரல் மோட்டர்ஸ் பந்தயங்களுக்கு உதவுவதை நிறுத்திவிட்டது. 1964இல் ஃபோர்ட் தண்டர்போல்ட் வந்தது. நடுத்தரக் காருக்குள் 7 லீற்றர் எஞ்சின், ஃபைபர்கிளாஸ் மட்காட், கண்ணாடிக்குப் பதில் பிளாஸ்டிக். றேடியோ இல்லை, ஹீற்றர் இல்லை, மேலதிக டயர் இல்லை. பயணி பக்க வைப்பரைக்கூட விட்டுவைக்கவில்லை. 1965இல் கிறைஸ்லர் ஆட்கள் கார் உடம்பை அமிலத் தொட்டியில் அமிழ்த்தித் தகட்டை மெல்லிசாக்கினார்கள். அரிப்பதையே வேலையாகச் செய்திருக்கிறார்கள்! கடற்கரையில் இருக்கிற எங்களுக்கு அதை உப்புக்காத்து இலவசமாகச் செய்து தருகிறது.

என்னை யோசிக்க வைத்தது 1968இல் வந்த ஹெமி டார்ட். முன் மட்காட்டும் பொனட்டும் ஃபைபர்கிளாஸ், கதவுகள் அமிலத்தில் தோய்த்தவை, பின்சீற்று இல்லை. ஜன்னல் ஏற்றுகிற கைபிடியையும் எடுத்துவிட்டு ஒரு பட்டியால் இழுத்து ஏற்ற விட்டார்கள். அந்தக் காரில் கம்பனியே ஓர் அறிவித்தல் ஒட்டியிருந்தது: இந்த வாகனம் பொது வீதிகளில் பாவிப்பதற்காகச் செய்யப்பட்டதல்ல, பாதுகாப்பு விதிகளுக்கும் இது உட்பட்டதல்ல என்ற அர்த்தத்தில். இவ்வளவையும் கழற்றுவதற்கு முதல் அவர்கள் விட்டுக்கொடுத்தது வீதியை. மூடிய பாதை, குறுக்கே மாடு வராது, எதிரே வேன் வராது, முடிகிற இடத்தில் நின்று முடிக்க நீளமான தூரம். கண்ணாடி தேவையில்லை என்றால், பின்னால் ஒருவரும் வராத இடத்தில் அது தேவையில்லை.

அப்படியான இடத்திலும் விலை கொடுத்தார்கள். 1970 மார்ச் 8ஆம் திகதி, லோங் பீச்சுக்குப் பக்கத்தில் லயன்ஸ் பந்தயத்தடம். டொன் கார்லிற்ஸ் தன் ஸ்லிங்ஷொட்டில் கிளம்பிய உடனே கியர்பெட்டி வெடித்தது. கார் இரண்டாகப் பிளந்தது, வலது பாதத்தின் ஒரு பகுதி போனது. 1954இல் கண்டுபிடித்த இருக்கை, சரியாக அந்தக் கியர்பெட்டிக்குப் பின்னால்தானே இருந்தது. ஆஸ்பத்திரியில் இருந்தபடியே எஞ்சினைப் பின்னால் கொண்டுபோகும் காரை யோசித்தார் கார்லிற்ஸ். 1971இல் அதில் வென்றும் காட்டினார். சில வருசங்களுக்குள் முன் எஞ்சின் டிராக்ஸ்டர்கள் மேல்வகுப்பில் இல்லாமலே போய்விட்டன. உருள் கூடு, தீ தாங்கும் உடுப்பு, கிளச்சைச் சுற்றிய இரும்புக் கவசம் என்று ஒவ்வொரு விபத்துக்குப் பிறகும் கொஞ்சம் பாரம் திரும்பி ஏறியது. குறைந்தபட்ச நிறை என்றொரு விதியும் வந்தது. ஓட்டம் முடிந்ததும் ஓட்டுநரோடு சேர்த்துத் தராசில் ஏற்றுவார்கள். குறைந்தால் அந்த ஓட்டம் செல்லாது. அதனால் குறைத்துக் குறைத்துக் கொண்டுவந்த காரில் ஈயக்கட்டி பூட்டுகிறவர்களும் உண்டு.

எங்கட பக்கம் வந்து சேர்ந்தது இந்தக் கதையின் முதல் பாதி மட்டும். படத்திலும் வீடியோவிலும் கழற்றுவதைத்தான் காட்டுகிறார்கள். தராசைக் காட்டினால் யார் பார்ப்பார்? சன்டா ஆனாவில் ஓடுபாதையை எடுத்துக்கொடுக்க ஒரு பெரிய மனிசன் இருந்தார். கல்முனையில் பொடியன்களைத் திட்டுகிற பெரிய மனிசர் நிறைய இருக்கிறார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரு கிலோமீற்றர் மூடிய பாதை கேட்டுக் கடிதம் எழுதியவரை நான் இன்னும் சந்திக்கவில்லை. நானும் எழுதவில்லைதான்.

மாமி மகன் போன வருசம் கிட்டங்கிப் பக்கம் போற ரோட்டில் இரவு ஓடினான். வென்றுவிட்டான். விழுந்தது ஓடும்போது இல்லை. ஓடி முடித்து, ஊருக்குத் திரும்ப பைக்கை வலதுபக்கம் வெட்டும்போது பின்னால் வந்த வேனை அவன் காணவில்லை. கண்ணாடி கராஜில் கிடந்தது. இருந்தால் கால் கிலோ வருமா தெரியாது.

அல்ஹம்துலில்லாஹ், ஆள் இருக்கிறான். காலுக்குள் பிளேட் வைத்திருக்கிறது. ஆறு மாதத்துக்குப் பிறகு அவனும் நானும் அந்தக் கராஜுக்குப் போய்க் குவியலைக் கிளறினோம். வலது கண்ணாடி கிடைத்தது, இடதைக் காணவில்லை. வேற யாரோ கொண்டுபோய்ப் பூட்டியிருப்பான் என்று கராஜ்காரக் காக்கா சொன்னார்.