தானே இறுகும் ரெசின்

போன எபிசோட்ல கட்டுமரம் பற்றிப் பேசினோம். இன்று, அதன் இடத்தைப் பிடித்த ஃபைபர் படகு.

பாலியெஸ்டர் ரெசினுக்கு 1930-களில் வழி போட்டவர் அமெரிக்க வேதியியலாளர் கார்ல்டன் எல்லிஸ். 1942-ல் ஒஹாயோ மாநிலத்தில் ரே கிரீன் அதோடு கண்ணாடி இழையைச் சேர்த்துப் படகு செய்தார். குளிர் ஊரில் வளர்ந்த தொழில். 25 டிகிரிக்குக் கீழே வைத்தால் சுமார் ஆறு மாதம் தாங்கும் என்பதுதான் ரெசினின் பொதுக்கணக்கு. மே மாசத்து நாகப்பட்டினத்துல அந்த 25 டிகிரிக்கு எங்கே போறது?

2004 சுனாமிக்குப் பிறகு நம் கடற்கரைக்கு ஃபைபர் படகுகள் ஆயிரக்கணக்கில், அதுவும் அவசரமாகத் தேவைப்பட்டன. புதுப்புதுப் பட்டறைகள் முளைத்தன. பழைய சரக்கு ஆபத்தாவது இப்படிப்பட்ட அவசரத்தில்தான்.

ரெசின் வயதானால் கேட்டலிஸ்ட் இல்லாமலே கெட்டியாகி ஜெல்லி ஆகிவிடும். அப்புறம் ஸ்டைரீன் ஊற்றினாலும் திரும்பாது, தூக்கிப் போட வேண்டியதுதான். கெட்டதைக் காட்டிக்கொடுத்துவிடுகிறது, அந்த வகையில் நேர்மையான பொருள்! கேட்டலிஸ்ட் அப்படியில்லை. தண்ணி மாதிரி தெளிவாகவே இருக்கும், வீரியம் மட்டும் போயிருக்கும். அதை நம்பிப் பூசிய படகு அரைகுறையாக இறுகி, கரையில் பளபளக்கும். பலவீனம் தெரிவது கடலில்.

கூட ரெண்டு மூடி ஊத்தினா சரியாயிடும் என்பார்கள். ஆகாது. அதைவிட மோசம், வேகப்படுத்தும் கோபால்ட் கரைசலைக் கேட்டலிஸ்டோடு நேராகக் கலப்பது, வெடித்துத் தீப்பிடிக்கும். கோபால்ட்டை முதலில் ரெசினில் நன்றாகக் கலக்கிவிட்டு, பிறகுதான் கேட்டலிஸ்ட்.

பழகிய கைகள் முதலில் ஒரு கோப்பையில் 100 கிராம் ரெசினைக் கலந்து, இறுக எத்தனை நிமிஷம் ஆகிறது என்று பார்த்துவிட்டுத்தான் அச்சுப் பக்கம் போகும்.