வீட்டுப் பக்கத்துல நிலத்தைத் திறக்கிறாங்களா? மண்ணுக்கும் சட்டம் இருக்கு!

குளுவாங்–மெர்சிங் சாலையில், காஹாங் பக்கம் மரங்களை அகற்றி நிலத்தைத் திறந்தால், கனமழையில் செம்மண் கால்வாய்க்குள் இறங்கிவிடும். கால்வாய் அடைத்தால் தண்ணீர் சாலைக்கு வரும். அடைக்காவிட்டாலும் நிம்மதி இல்லை, மண் ஆற்றுக்குப் போகும்.

இதற்கான சட்டம் பழசுதான்: 1974ஆம் ஆண்டு சாலை, வடிகால், கட்டடச் சட்டம். அதன் 70ஏ பிரிவுப்படி, ஊராட்சி மன்ற அனுமதி இல்லாமல் மண் வேலையைத் தொடங்கவே கூடாது. காஹாங்கிற்கு அந்த அனுமதியைத் தருவது குளுவாங் நகராண்மைக் கழகம். மண் வேலைன்னா தோண்டுறது மட்டும் இல்ல. நிலத்தைச் சமன் செய்வது, மண் நிரப்புவது, பைலிங், ஏன், மரம் வெட்டுவதும் அதில் அடக்கம். மீறினால் 50,000 ரிங்கிட் வரை அபராதம், 5 ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும்.

அனுமதி கிடைத்த பிறகு? வடிகால் நீர்ப்பாசனத் துறையின் எம்எஸ்எம்ஏ கையேடு (2ஆம் பதிப்பு, 2012) மண் அரிப்பு, வண்டல் கட்டுப்பாட்டுக்கு ஓர் அத்தியாயத்தையே ஒதுக்கியுள்ளது. திறந்த மண்ணை மூடி அரிப்பைத் தடுப்பதுதான் முதல் வேலை. அரித்து வந்ததைப் பிடிப்பது அடுத்தது. ஓரத்தில் துணி வேலி கட்டிட்டா போதும்னு நினைப்பதுதான் சிக்கல். நுண்ணிய களிமண் அதில் நிற்காது. வண்டல் குளம் வேண்டும், அதையும் அவ்வப்போது தூர்வார வேண்டும்.

நவம்பரில் வடகிழக்குப் பருவமழை தொடங்கும். பக்கத்துக் கால்வாயில் செந்நீர் ஓடினால், நேரம், இடம் தெரியும்படி படம் எடுத்து நகராண்மைக் கழகத்திடம் புகார் கொடுங்கள். ஆறு கலங்கியிருந்தால் சுற்றுச்சூழல் துறைக்கும் சொல்லலாம்.